ஈசல் தின்கிற ஜனம்

சாம்பாரில் கரப்பான் மல்லாந்து கிடந்தது.

செல்லியம்மாள் தட்டை அப்படியே ஏந்திக்கொண்டு கேன்டீன் கொட்டகையின் மறுகோடிக்கு நடந்தாள். மேனேஜர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சூப்பர்வைசர் ராஜமாணிக்கம்.

கும்மிடிப்பூண்டிக்கு அந்த இரும்புக் கம்பெனி வந்த புதிது. விடிந்ததிலிருந்து வார்ப்பு மணல் சுமந்தவள் அவள். நாஷ்டாகூட இல்லை.

"இத்த யாரு சார் துன்றது?"

மேனேஜர் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். ராஜமாணிக்கம் முந்திக்கொண்டான்.

"ஈசல் தின்கிற ஜனம் சார் இதுங்க. கறையானுக்கும் கரப்பானுக்கும் இதுங்களுக்கு என்ன வித்தியாசம்? எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடட்டும்."

ஆபீஸ் ஆட்கள் சிரித்தார்கள்.

செல்லியம்மாளுக்குக் காது சுட்டது.

"ஈசல் மண்ணுலேர்ந்து வர்து. இது கக்கூஸ்லேர்ந்து வர்து. ரெண்டும் ஒண்ணா?"

மழை விட்ட சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்து, காத்திருந்து பிடிப்பது ஈசல். கரப்பானுக்காக எந்த ஜனமும் காத்திருந்ததில்லை. அது இவர்கள் போட்ட சோற்றில் வந்தது.

மேனேஜருக்கு வேடிக்கையாகிவிட்டது. "ஈசலை என்ன பண்ணுவாங்க? குழம்பா?"

"கொழம்பு வெச்சா கொழகொழன்னு பூடும் சார்," என்றான் ராஜமாணிக்கம். "ரெக்கையப் பொடைச்சிட்டு, வெறுஞ்சட்டில வறுத்து, பொரியோட கலந்து சூடா துன்னா, அப்டியே நெய் வாசனை..."

வாயை மூடிக்கொண்டான்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

அவன் கண் செல்லியம்மாளிடம் வந்து கெஞ்சியது. சூப்பர்வைசர் ஆன நாளிலிருந்து அந்தக் கண் அவளை நேராகப் பார்த்ததில்லை. பிழைத்துப் போகட்டும் என்று அவளும் யாரோபோலவே இருந்துவந்தாள்.

இன்றைக்கு அவளுக்கு அந்த மனசு வரவில்லை.

தட்டை அவன் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"கலியா," என்றாள். கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாத பேர். "போன மழைக்கும் உன் பங்கு ஈசல வறுத்து வெச்சிக்கினு வாசல்லயே குந்திக்கினு இருந்திச்சி உங்கம்மா. உங்கண்ணன் கேட்டும் குடுக்கல."



தட்டை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இத்த உன் அண்ணி நான் வெக்கிறேன். துன்னு."