நடுவில் முளைத்த கீற்று

கம்ப்யூட்டர் வரைபடம் ஒன்றில் தோப்பும் குளமும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரே எல்லைக்கோடு. நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

சாயங்காலத்துக்குள் வரைபடத்தை முடித்தாக வேண்டிய மவுஸ் அம்புக்குக் காலையிலிருந்தே மண்டையிடி.

“அண்ணே, இந்தக் குளம் என்மேல சாயுது. எல்லைக்கோட்டை அந்தப் பக்கம் தள்ளுங்க,” என்றது தோப்பு. அம்பு தள்ளியது.

“யாரைக் கேட்டுத் தள்ளினீங்க? கோடு எனக்கும்தான் சொந்தம்!” என்று குதித்தது குளம். அம்பு திரும்ப இழுத்தது. இப்படிப் பதினேழு தடவை.

“பொதுக்கோடே வேண்டாம், ஆளுக்கொண்ணு போடுங்க!” என்று கடைசியில் இரண்டும் சேர்ந்து கத்தின.

“எப்படியோ ஒழிங்க!” அம்பு கோட்டை இரண்டாகப் பிரித்தது.

“உன் மூச்சுகூட என்மேல படக்கூடாது,” என்று தோப்பு ஒரு மயிரிழை விலகியது. குளமும் வீறாப்பாக ஒரு மயிரிழை விலகியது. நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று இளித்தது.

“யாருக்கும் சொந்தமில்லாத இடம் இருந்தால் நான் சேவ் ஆக மாட்டேன்,” என்று முரண்டு பிடித்தது வரைபடம்.

வேறு வழியில்லாமல் அம்பு அந்தக் கீற்றையும் ஒரு தனி நிலமாக்கி எண் கொடுத்துவிட்டு, அப்பாடா என்று நகர்ந்தது. பின்னாலிருந்து ஒரு கீச்சுக்குரல் கேட்டது.

“அண்ணே, இந்த ரெண்டு பேரும் என்மேல சாயுறாங்க. ரெண்டு கோட்டையும் கொஞ்சம் தள்ளுங்க.”