முதலாளி பேச்சு

“நான் சொல்றேன், ஓடுடா!”

மரக்காணம் உப்பளத்து மோட்டார் ஷெட்டில் நின்றுகொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினார் சடையப்பன். நாலாவது தடவையாகப் பட்டனை அமுக்கியும் மோட்டார் அசைந்து கொடுக்கவில்லை.

வெளியே உப்பங்கழியில் கடல் தண்ணீர் ஏறி நின்றது. இன்னும் அரை மணியில் வடிந்துவிடும். இன்றைக்குப் பாத்திக்குத் தண்ணீர் ஏற்றாவிட்டால் இந்த வாரத்து உப்பு போனதுதான். அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கூனிமேட்டு தவுசீப் துபாயில் கற்றுக்கொண்டு வந்து போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர் அது. சொல்லி வைத்த விதிகளைப் பார்த்து, தானே மோட்டாரைப் போடும், தானே நிறுத்தும்.

கழியில் தண்ணீர் ஏறினால் ஓட வேண்டும் என்பது சடையப்பன் சொன்ன விதி. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஓடக் கூடாது என்பது அவர் மனைவி சரஸ்வதி சேர்க்கச் சொன்னது. மோட்டார் ஓடினால் கூலிப் பெண்கள் பாத்தியில் இறங்கியாக வேண்டும். போன வாரம் உச்சி வெயிலில் ஆராயி மயங்கி விழுந்திருந்தாள்.

“ரெண்டு விதியும் முட்டிக்கிட்டா யார் பேச்சு சார் செல்லணும்?” என்று தவுசீப் அன்றைக்கே கேட்டான்.

“இதென்னப்பா கேள்வி? முதலாளி பேச்சுதான்!” என்று மீசையைத் தடவிக்கொண்டே, அவன் கேட்ட பட்டா ஜெராக்ஸையும் எடுத்துக் கொடுத்தார் சடையப்பன்.

இப்போது மணி பன்னிரண்டே கால்.

“விடுங்களேங்க. மிஷினுக்கே புரியுது, உங்களுக்குப் புரியல” என்றாள் வாசலில் நின்ற சரஸ்வதி.

“பேசுவடி! உன் பேரு ராசின்னு டிராக்டரைக்கூட உன் பேர்ல வாங்கினேன்ல, அந்தத் திமிரு!”

கொதித்துப்போய் தவுசீப்புக்குப் போன் போட்டார். “ஏம்பா, என்னா மிஷின் குடுத்திருக்கே? முதலாளி பேச்சைக் கேக்கும்னு சொன்னியே!”

“கேக்குதே சார்.”

“எங்க கேக்குது? தொண்டத்தண்ணி வத்துது எனக்கு! என்னை யாருன்னு நெனச்சிக்கிச்சு அது?”

மறுமுனையில் தவுசீப் குரலைத் தாழ்த்தினான்.

“பட்டாவுல அம்மா பேருதானே சார் இருந்துச்சு? உங்களை சூப்பர்வைசர்னு போட்டிருக்கேன்.”