கசிவு எங்கே?

காரைக்கால் மீன் பதப்படுத்தும் கம்பெனியில் வேலைக்கான தேர்வு. குளிர்பதன மெஷினில் கேஸ் கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சலோமி குழாயில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வந்த இடத்தைக் காட்டினார்.

"நாலே நிமிஷம்! போன வருஷம் ஐ.டி.ஐ. முடிச்ச பசங்க இருபது பேர் வந்தாங்க, ஒருத்தர்கூட தேறலை. நாப்பத்தஞ்சு வயசுல நீங்க அசத்திட்டீங்க. திங்கக்கிழமை வேலையில சேந்துடுங்க," என்றார் மேனேஜர் சிவராமன்.

"வேலை வேணாங்க சார்."

"பின்னே எதுக்கு வந்தீங்க?"

"அந்த இருபது பேருக்கும் பாடம் நடத்தினது நான்தாங்க. லீவு பூரா காரைக்கால்மேட்டு ஐஸ் பிளாண்டுல நின்னு கத்துக்கிட்டேன். சரியா கத்துக்கிட்டேனான்னு பாக்கத்தான் வந்தேன்."

சிவராமன் எழுந்து நின்றார்.

"அப்படின்னாலும் திங்கக்கிழமை வாங்க டீச்சர். அந்த இருபது பேரையும் கூட்டிட்டு வாங்க. கிளாஸை இங்கயே வச்சுக்கலாம்."