பெட்டரிக்குக் காவல்

தொண்ணூற்றெட்டிலும் அந்த ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் வரவில்லை. பவளத்தின் சீதனமாக வந்த டீவி, கார் பெட்டரியில்தான் ஓடியது. பொழுது சாய்ந்தால் லயமே அந்த ஒற்றைக் காம்பரா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். புதுப்பெண் பவளம் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பாள். வராதீங்க என்று சொல்ல முடியுமா? நல்லது கெட்டதுக்கு அவர்கள்தானே வரணும்!

சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்த பெட்டரி இந்த முறையும் மறுநாளே படுத்துவிட்டது; டீவி ஓடாததால் அன்று யாரும் வரவில்லை. அவள் புருஷன் நல்லையா விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு கேகாலை டவுனுக்கு பஸ் ஏறினான்.

பெட்டரிக் கடைக்காரர் கண்ணாடிக் குழாயில் அசிட்டை உறிஞ்சிப் பார்த்தார்.

"பெட்டரி நல்லாத்தான் இருக்கு தம்பி. யாரோ கரண்ட இறக்குறாங்க. இப்படியே அடியோட இறக்கினா, பழைய இரும்புக்காரனுக்குத்தான் போடணும்."

அன்று மாலை சார்ஜ் ஏற்றிய பெட்டரியோடு திரும்பி, டீவி பார்க்கக் கூடியிருந்த எல்லோர் முன்னாலும் நல்லையா கத்தினான்.

"எவன்டா என் வீட்டுல பூந்து கரண்ட திருடுறது?"

கடைசிக் காம்பரா முத்தாயி எழுந்தாள்.

"நம்ம டீவிய நாமதான் பாத்துக்கணும். இனிமே முறை வச்சு ராத்திரியும் இங்கேயே படுத்துக்கிறோம். பகலுக்கு எங்க மாமியா வந்து உக்காந்துக்கும்."

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?" என்றாள் பவளம்.

"நமக்குள்ள என்னடி சிரமம்? உலையில கொஞ்சம் அரிசி கூடப் போடு."

காம்பரா நிறையப் பாய்கள் விரிந்தன.

பவளம் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். லயமே ரப்பர் பால் வெட்டப் போனபின், பெட்டரியில் மாட்டி அவள் பகலெல்லாம் எரியவிடும் கார் பல்பு விரலில் தட்டுப்பட்டது.