வாரண்டிக்கு வந்த இஞ்சின்

பிக்கப் வண்டியைக் கயிறு கட்டி கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு இழுத்து வந்தார்கள். இஞ்சினில் ஒரு பிஸ்டன் உருகிப்போயிருந்தது. வாரண்டி கிடைக்காவிட்டால் இஞ்சினுக்குப் பழைய இரும்புக் கடைதான்.

டீசலை அளந்து கொடுக்கும் கம்ப்யூட்டரிடம் இஞ்சின் கெஞ்சியது. "வேகம் கூட்ட வெளியாள் ஒருத்தர் உன்னை மாத்தி எழுதினாரே, அதைச் சொல்லிடாதப்பா. வாரண்டி போயிடும்."

"என்னையா? எப்போ?" என்றது கம்ப்யூட்டர். வண்டியின் முதலாளி நேற்றே அதைப் பழையபடி எழுத வைத்துவிட்டார். அதற்கு எதுவும் நினைவில்லை.

"மலையேறும்போது டீசலை அள்ளி அள்ளி ஊத்தினியே."

"அளந்து கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். உன் உடம்பு தாங்கலைன்னா என் மேல ஏன் பழி போடுறே?"

இஞ்சினுக்கு ஆத்திரம் பொங்கியது. அதற்குள் மெக்கானிக் கம்ப்யூட்டரில் ஒயரைச் செருகி, திரையில் வந்ததைப் படித்தார். பிறகு இஞ்சினைத் திறந்து, உருகிய பிஸ்டனை வெகுநேரம் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் சரியாத்தான் இருக்கு. இஞ்சின்லதான், கம்பெனியில செய்யும்போதே கோளாறு," என்றார் மெக்கானிக். "வாரண்டியிலேயே சரி பண்ணிடலாம்."

"பலவீனமாப் பிறந்தது உன் குத்தமில்லை, விடு," என்று கம்ப்யூட்டர் ஆறுதல் சொன்னது.

"ஆமா," என்றது இஞ்சின்.