ரொஹேலியோ கொடுத்த புகார்

"வெண்டல் அண்ணே, அந்த நீல வண்டியை இப்படியே விடாதீங்க. நான் புகார் கொடுக்கறேன்."

ரொஹேலியோ சொல்லி வாய் மூடவில்லை, எல் பாசோ திடலில் கூடியிருந்த கூட்டம் ஓவென்று கத்தியது.

"பயந்துட்டான்டா!"

பின்னே? யார் கார் ஸ்பீக்கர் அதிகச் சத்தம் போடும் என்கிற இந்தப் போட்டியில் மூன்று வருஷமாகக் கப்பு அவனுக்குத்தான். இன்றைக்கும் 149.1 டெசிபெல் அடித்து முதலிடத்தில் இருந்தான். மிச்சம் இருந்தது ஒரே வண்டி, யோலந்தாவின் பழைய நீல பிக்கப். ஒவ்வொரு ஒயரும் அவளே இழுத்தது. பகலெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு, எட்டு மாசம் பாடுபட்டிருந்தாள்.

"என்ன புகார்?" என்றார் நடுவர் வெண்டல்.

"கெப்பாசிட்டருக்குப் போற ஒயர். பானெட்டைத் திறந்து பாருங்க."

யோலந்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நேரா மோதி ஜெயிக்கத் துப்பில்ல, இல்ல?" என்றாள் அவனிடம்.

ரொஹேலியோ தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தள்ளி நின்றான்.

போட்டிக்கு முன்னால் பானெட்டில் ஒட்டியிருந்த சீல் காகிதத்தை வெண்டல் கிழித்துத் திறந்தார். பேட்டரியிலிருந்து பின்பக்கம் போகும் தடித்த சிவப்பு ஒயர், எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகட்டு ஓட்டைக்குள் நுழையும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். ஓட்டையைச் சுற்றிப் போட்ட ரப்பர் வளையம் நழுவியிருந்தது. தகட்டு விளிம்பு ஒயரின் தோலை அறுத்து, செம்பு லேசாக எட்டிப் பார்த்தது.

யோலந்தா குனிந்து பார்த்தாள். ஸ்பீக்கர் அதிர்கிற அதிர்வில் அந்தச் செம்பு தகட்டில் பட்டிருந்தால் வண்டியே பற்றி எரிந்திருக்கும்.

"இருபது நிமிஷம். சரி பண்ணினா உண்டு. இல்லன்னா கிளம்பு," என்றார் வெண்டல்.

தங்கை நிதியா கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "வேணும்னே பண்றான்க்கா! எல்லார் முன்னாடியும் உன்னை அசிங்கப்படுத்தறான்!"

"திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். மோதிரத்தைக் கழட்டறேன், பத்திரமா வை."

முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினாள். ஃபியூஸை உருவினாள். பிறகு பின் சீட்டுக்குப் போய், கெப்பாசிட்டரின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சின்ன பல்பைப் பிடித்தாள். பாட்டு உச்சத்தில் அடிக்கும்போது மின்சாரம் குறையாமல் தேக்கிவைத்துக் கொடுக்கிற உருளை அது. பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். பல்பு பளீரென்று எரிந்து, மெல்ல மங்கி, அணைந்தது. அதற்குப் பிறகுதான் முனையில் கை வைத்தாள்.

பழைய ஒயரை உருவிப் புதுசை நுழைத்தாள். புது ரப்பர் வளையத்தைப் போட்டு, நகராமல் இறுக்கினாள். ப்ளஸ் எது, மைனஸ் எது என்று இரண்டு தடவை பார்த்து முடுக்கினாள்.

"அக்கா, இன்னும் அஞ்சே நிமிஷம்! ஃபியூஸைப் போட்டு நேரா கனெக்‌ஷன் கொடு!"

"காலி கெப்பாசிட்டருக்கு நேரா கொடுத்தா மொத்தக் கரண்டையும் ஒரே மடக்குல இழுக்கும். பொறி பறக்கும்டி."

"நேரம் போகுதே!"

"போகட்டும்."

மைனஸ் முனையைத் திரும்ப மாட்டினாள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அதே பல்பை வைத்தாள். அது பளீரென்று எரிந்தது. கூட்டம் சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டது. யோலந்தா பல்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளிச்சம் குறைந்தது... இன்னும் குறைந்தது... வெறும் செந்நூலாகி, அணைந்தது. கெப்பாசிட்டர் நிறைந்துவிட்டது.

பல்பை எடுத்தாள், ஃபியூஸைச் செருகினாள். பொறி இல்லை, சத்தம் இல்லை.

"முடிஞ்சது!"

இன்னும் நாற்பது விநாடி மிச்சம் இருந்தது.

வெண்டல் தலையாட்டினார். யோலந்தா கதவைச் சாத்திக்கொண்டு பாட்டைப் போட்டாள். பிக்கப்பின் கூரை படபடத்தது. நிதியா கையில் வைத்திருந்த சோடா டம்ளரில் அலை அடித்தது. முன்வரிசையில் நின்றவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

பலகையில் எண் விழுந்தது: 149.4.

திடலே எழுந்து நின்றது. நிதியா அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். யாரோ யோலந்தாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். முதல் மூன்று வண்டிகளையும் திறந்து சோதித்த பிறகு, வெண்டல் கப்பை அவள் கையில் கொடுத்தார்.

அவள் மைக்கைப் பிடித்தாள். "ரொஹேலியோ! புகார் கொடுத்துப் பார்த்தும் ஒண்ணும் ஆகலியே!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ரொஹேலியோ ஒரு தடவை கை தட்டிவிட்டு, தன் வண்டியைப் பார்க்க நடந்தான்.

மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது யோலந்தா நடுவரிடம் கேட்டாள்: "கெட்ட எண்ணம் இல்லாத ஆளா இருந்தா, என்கிட்ட வந்து ரகசியமா சொல்லியிருக்கலாம்ல, அண்ணே?"

"சொன்னா நீ என்னம்மா பண்ணியிருப்பே? சீல் ஒட்டின அப்புறம் போட்டிக்காரங்க பானெட்டைத் திறந்தா அவுட். யாராவது புகார் கொடுத்தா மட்டும்தான் திறந்து சரி பண்ண இருபது நிமிஷம் கிடைக்கும். நான் பானெட்டை மூடி சீல் ஒட்டறப்பதான் அந்த ஒயர் அவன் கண்ணுல பட்டிருக்கு, நான் கவனிக்கல."

யோலந்தாவின் சிரிப்பு நின்றது. "அவர் புகாரே கொடுக்காம இருந்திருந்தா?"

"தீப்பிடிக்காம தப்பிச்சிருந்தாலும், கடைசி சோதனையில அந்த ஒயரைப் பார்த்து நானே உன்னை வெளிய அனுப்பியிருப்பேன். அவன் வாயை மூடிக்கிட்டு சும்மா இருந்திருந்தா போதும்மா, இந்தக் கப்பு நாலாவது வருஷமும் அவன் வீட்டுக்குத்தான் போயிருக்கும்."