அமாவாசை அகத்தி

அமாவாசை வந்துவிட்டால் கோயில் வாசல் பசுவுக்கு அகத்திக்கீரை வந்து குவியும். அதில் வாய்வைக்க வரும் வெள்ளாட்டுக்கு அடிதான் கிடைக்கும். அன்றும் காலையிலிருந்து நாலு அடி வாங்கியிருந்தது.

உச்சிவேளையில் ஒரு பெண் இலையும் பூவுமாக ஒரு கீரைக்கட்டை நீட்டினாள். ஏற்கெனவே பதினெட்டுக் கட்டு தின்றிருந்த பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஐயோ, நான் குடுத்தா மாடுகூட வாங்க மாட்டேங்குதே!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆட்டுக்கோ நாக்கில் எச்சில் ஊறியது. அந்த வெள்ளைப் பூக்களை விட்டுவிட முடியுமா? ஓசைப்படாமல் பசுவின் வயிற்றுக்கடியில் நுழைந்தது. "அக்கா, நீ சும்மா அசைபோடு. மத்ததை நான் பாத்துக்கறேன்!"

அவள் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். மகன் வேலை, மகள் பிரசவம், தன் மூட்டுவலி என்று வேண்டி முடிப்பதற்குள் காம்புகூட மிச்சமில்லை. ஆடு பதுங்கிவிட்டது. பசுவின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"வாங்கிக்கிச்சு! என் கையால வாங்கிக்கிச்சு!"

அவள் துள்ளிய துள்ளலைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கட்டும் கையுமாக ஓடிவந்தார்கள்.

"செத்தேன்டி!" என்றது பசு.

"பயப்படாதேக்கா." உதட்டில் ஒட்டியிருந்த பூவிதழை ஆடு நக்கி உள்ளே இழுத்தது. "எல்லாருமே கண்ணை மூடித்தான் கும்பிடுவாங்க."